படையும் சட்டமும்: மேஜர் தோமஸ் எதிர்வாதஞ் செய்த இராணுவ வழக்கு

வாளேந்துவோனுக்கு முதற் கடமை பணிதல். சட்டம் பயின்றோனுக்கு முதற் கடமை வினாவுதல். மேலோன் இட்ட கட்டளையை ஏன், எதற்கு என்று கேளாது நிறைவேற்றுவதே படைவீரனுக்கு அழகென்பர். அக்கட்டளையை இட்டவர் யார், இடுதற்கு அவருக்கு அதிகாரம் உண்டோ, அது சட்டத்துக்கு அமைந்ததோ என்று ஆராய்வதே நியாயவாதியின் தொழிலாகும். முரண்பட்ட இவ்விரு பண்புகளும் ஒருவரிடத்தே வந்து சேர்தல் அரிது. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகள் பலவற்றில் நிறுவப்பட்ட தொண்டர் படைகள் அச்சேர்க்கைக்கு இடமளித்தன. வாரநாட்களிற் கந்தோரில் இருந்து உறுதி எழுதிய சட்டத்தரணி, ஓய்வுநாளிற் சீருடை அணிந்து, குதிரையேறிப் படைப்பயிற்சி பெற்றார்.

இவ்விரு வாழ்வும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடாமலே நடந்தன. தொண்டர் படையிற் சேர்ந்த சட்டத்தரணி அங்கே பிறரைப்போல ஒரு வீரரேயன்றிச் சட்டம் அறிந்தவராகக் கருதப்பட்டாரல்லர். ஆயின், 1902 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், தென்னாபிரிக்காவின் பீற்றர்ஸ்பேர்க் நகரில், அவுஸ்திரேலிய நாட்டுப்புறச் சட்டத்தரணி ஒருவர்பால் இவ்விரு வாழ்வும் வந்து மோதின. பகுதிநேரப் படைவீரராக இருந்த ஜேம்ஸ் பிரான்சிஸ் தோமஸ் என்பார் ஒரே இரவில் இராணுவ நியாயவாதி ஆயினார். அவர் எதிர்வாதஞ் செய்த வழக்கு நூற்றாண்டு கடந்தும் முடிவுற்றதாகக் கருதப்படவில்லை.

இராணுவ நீதியின் இயல்பு

அக்காலப் பிரித்தானியப் படைகளை ஆண்டது 1881 ஆம் ஆண்டின் இராணுவச் சட்டமாகும். அதன்கீழ் அமைந்த இராணுவ நீதிமன்றம் பொது நீதிமன்றத்தினின்றும் பலவாற்றான் வேறுபட்டது. அங்கே யூரிமார் இலர். சட்டம் கற்ற நீதிபதியும் இலர். படையதிகாரிகள் சிலர் கூடி இருந்து, தம்முள் ஒருவரைத் தலைவராகக் கொண்டு, குற்றம் உண்டோ இல்லையோ என்பதையும் தண்டனை யாது என்பதையும் தாமே முடிவுசெய்தனர். சட்ட ஐயங்களைத் தெளிவிக்கச் சட்ட ஆலோசகராக ஓர் அதிகாரி உடனிருந்தார். குற்றமற்றவர் எனக் காணப்பட்டோர்க்கு அம்முடிவு அறிவிக்கப்படும். குற்றவாளி எனக் காணப்பட்டோர்க்கோ, மேலதிகாரி அதனை உறுதிப்படுத்தும் வரையும் யாதும் அறிவிக்கப்படுவதில்லை. உறுதிப்படுத்திய பின்னர் மேன்முறையீடு செய்வதற்கு நீதிமன்றம் ஒன்று இருந்ததில்லை. அத்தகைய நீதிமன்றம் பிரித்தானியாவில் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தோன்றிற்று.

குற்றஞ் சாட்டப்பட்டவர் தமக்குத் துணையாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்ததாயினும், அவ்வாறு துணைபுரிவதற்கெனப் பயின்ற அதிகாரிகள் படையிடத்தே தனியே வைக்கப்பட்டிருக்கவில்லை. சட்டம் அறிந்த அதிகாரி ஒருவர் அயலிலே தற்செயலாக இருந்தால் அவரைத் தேடிப் பெறுவர். இன்றேல் சட்டம் அறியாத நண்பர் ஒருவரின் துணையோடு அமைவர். தொண்டர் படைச் சட்டத்தரணிகளின் கல்வி படைக்குப் பயன்பட்ட இடம் இதுவேயாம். அவர்களை இராணுவ நியாயவாதிகளாக ஆக்கியது நியமனக் கடிதமன்று, சந்தர்ப்பமே.

டென்டர்பீல்ட் சட்டத்தரணி

தோமஸ் 1861 ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திற் பிறந்தவர். சட்டத்தரணியாகத் தேறிய பின்னர், அம்மாநிலத்தின் வடபுறத்தே உள்ள டென்டர்பீல்ட் என்னும் சிற்றூரிற் குடியேறித் தொழில் நடத்தினார். யாழ்ப்பாணத்தார் முன்னாளிற் பிரக்கிராசி என வழங்கிய வகையினர்க்கு உரிய தொழிலே அது: காணி உறுதி, மரணசாசனம், கடன் வழக்கு முதலியன. ஊர்ச் செய்தித்தாளின் உரிமையாளராகவும் அவர் விளங்கினார். அவுஸ்திரேலிய மாநிலங்கள் ஒன்றுபட்டு ஒரு நாடாதல் வேண்டும் என்று சேர் ஹென்றி பாக்ஸ் 1889 ஆம் ஆண்டு ஒக்டோபர் 24 ஆந் திகதி புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது இவ்வூரிலேதான். 1901 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அவ்வொன்றிப்புக் கைகூடியபோது, தோமஸ் போர்முனை கண்ட வீரராகியிருந்தார்.

தென்னாபிரிக்கப் போர் 1899 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மூண்டது. குடியேற்ற நாடுகள் தோறும் தொண்டர்கள் திரண்டனர்; இலங்கையிலிருந்தும் குதிரைப்படைத் தொண்டர் அணியொன்று 1900 ஆம் ஆண்டிற் சென்றது. டென்டர்பீல்ட் குதிரைவீரர்க்குத் தலைமை பூண்டிருந்த தோமஸ், கப்டன் பதவியோடு அவ்வாண்டே போர்முனைக்குப் போயினார். ஓகஸ்ட் 4 முதல் 16 வரை எலான்ட்ஸ் ஆற்றங்கரையில் ஏறக்குறைய ஐந்நூறு அவுஸ்திரேலியரும் ரொடீசியரும் முற்றுகையிடப்பட்டிருந்தனர். போயர் தளபதி டெலாரேயின் பீரங்கிகளுக்கு அஞ்சாது, சரணடைய மறுத்து அவர்கள் நின்றனர். அவருள் தோமஸும் ஒருவர். எனவே, 1902 இல் நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர் போர் இன்னதென்று அறியாத கந்தோர்ச் சட்டத்தரணி அல்லர் என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. 1980 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரேக்கர் மோரன்ற்' என்னும் திரைப்படம் அவரை அனுபவமற்ற நாட்டுப்புறத்தவராகக் காட்டிற்று. கொலைவழக்கு அவருக்குப் பழக்கமற்றதாயிருக்கலாம்; படைவாழ்வு அவ்வாறன்று.

போரின் போக்கும் கொலைகளும்

1900 ஆம் ஆண்டின் முடிவில் போரின் உருவம் மாறிற்று. தலைநகரங்களை இழந்த போயர் சிறு குழுக்களாகப் பிரிந்து மறைந்திருந்து தாக்கினர். பிரித்தானியத் தளபதி கிச்சினர் பிரபு பண்ணைகளை எரித்தார். பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தார். பிடிபட்ட போராளிகளைக் கடல்கடந்த தீவுகளுக்கு அனுப்பினார். இலங்கையிலே தியத்தலாவையில் ஏறக்குறைய ஐயாயிரம் போயர் கைதிகள் வைக்கப்பட்டிருந்தமை யாவரும் அறிந்ததே. சரணடைந்தவனைக் கைதியாக ஏற்று உணவளித்துக் காத்தல் வேண்டும் என்ற போர்முறைக்குத் தியத்தலாவை முகாம் சான்றாகும். அம்முறை வடதிரான்ஸ்வாலிற் கைவிடப்பட்டதே இவ்வழக்கின் மூலமாயிற்று.

அப்பகுதியிற் பணிபுரிய 1901 இல் 'புஷ்வெல்ட் காபினியர்' என்னும் தனிப்படை அமைக்கப்பட்டது. அதன் வீரருள் அவுஸ்திரேலியர் பலர் இருந்தனராயினும், அது அவுஸ்திரேலியப் படையன்று; பிரித்தானிய அதிகாரத்தின்கீழ் நேரே அடங்கியது. 1901 ஓகஸ்ட் 6 இல் அப்படையின் கப்டன் ஹன்ற் ஒரு மோதலில் இறந்தார். அவருடைய நண்பர் லெப்டினன்ட் ஹாரி மோரன்ற் என்பார். குதிரைகளைப் பழக்குவதில் வல்லவராதலின் 'பிரேக்கர்' எனப் பெயர்பெற்றவர், செய்யுளும் இயற்றியவர். ஹன்றின் உடல் சிதைக்கப்பட்டது என்ற செய்தி அவரை வெறிகொள்ளச் செய்தது. ஓகஸ்ட் 11 இல், காயமுற்றுப் பிடிபட்ட விசர் என்னும் போயர் அவரது ஆணையாற் சுடப்பட்டார். ஓகஸ்ட் 23 இற் கைதிகள் எண்மரும், செப்டெம்பர் 7 இல் மூவரும் அவ்வாறே மாண்டனர். எண்மர் இறந்த அதே நாளில் அவ்வழியே சென்ற ஹீசே என்னும் ஜேர்மானிய மிசனரியும் கொல்லப்பட்டார்.

இக்கொலைகளை வெளிப்படுத்தியோர் பகைவர் அல்லர். அதே படையைச் சேர்ந்த வீரர் பதினைவர் 1901 ஒக்டோபரிற் கையொப்பமிட்டு முறைப்பாடு அனுப்பினர். கட்டளைக்குப் பணிதலே வீரனின் முழுக்கடமை என்பதை ஒப்பாத சாதாரண வீரர் அப்படையிலேயே இருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

விசாரணை

குற்றஞ் சாட்டப்பட்ட மோரன்ற், ஹான்ட்கொக், விற்றன், பிக்ரன் ஆகிய லெப்டினன்ட்மாரும், கப்டன் டெயிலரும், படைத்தலைவர் மேஜர் லெனஹனும் காவலில் வைக்கப்பட்டனர். ஒருவரோடொருவர் உரையாட வழியின்றித் தனித்தனியே அவர்கள் அடைக்கப்பட்டிருந்த காலம் மாதக்கணக்காயிற்று. லெனஹனும் சிட்னி நகரச் சட்டத்தரணி; அவரும் தொண்டர் படையிலிருந்து வந்தவர். தமக்காக வாதாடத் தம்மைப்போன்ற ஒருவரை, மேஜர் பதவிக்கு உயர்ந்திருந்த தோமஸை, அவர் வேண்டிக்கொண்டார். விசாரணை தொடங்குவதற்கு முதல்நாள் பீற்றர்ஸ்பேர்க் வந்து சேர்ந்த தோமஸ், ஏனையோருக்கு வாதாட எவரும் இல்லை எனக் கண்டு, எல்லோருக்கும் தாமே துணைநிற்க இசைந்தார். கொலைக்குற்றம் பலவற்றுக்கு எதிர்வாதஞ் செய்ய அவருக்குக் கிடைத்த ஆயத்த காலம் ஒரு நாளே.

1902 சனவரி 16 இல் விசாரணை தொடங்கிற்று. சுடப்பட்டமையை எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. கைதிகளைக் கொண்டுவராதீர் என்று கப்டன் ஹன்ற் கட்டளையிட்டிருந்தார் என்பதும், அக்கட்டளை தலைமையகத்திலிருந்து வந்ததாக அவர் கூறினார் என்பதும், கைதிகளைக் கொண்டுவந்தமைக்காக மோரன்ற் முன்னர்க் கடிந்துகொள்ளப்பட்டார் என்பதும் தோமஸின் வாதம். அதற்குச் சாட்சிகளும் இருந்தனர். கட்டளை என்ற வாதம் அக்காலச் சட்டத்தில் அடியோடு தள்ளத்தக்கதாகவும் இருந்ததில்லை. அதே போரின் தொடக்கத்தில், காணாமற்போன கடிவாளம் ஒன்றின் பொருட்டு, அதிகாரியின் சொற்படி ஆபிரிக்கப் பணியாள் ஒருவனைச் சுட்டுக்கொன்ற சிமித் என்னும் வீரன், 1900 இற் கேப் குடியேற்ற நாட்டின் விசேட நீதிமன்றத்தில் விடுதலை பெற்றான். கட்டளை சட்டத்துக்கு மாறானதென்பது வெளிப்படையாகத் தோன்றாதவிடத்து, அதனை நம்பிப் பணிந்த வீரனுக்குக் காப்பு உண்டு என்பதே அங்கு வகுக்கப்பட்ட நெறி. ஆயின், அந்நெறியே தோமஸின் வாதத்துக்கு வாய்த்த வாளும் வந்த இடரும் ஆயிற்று. படைக்கலம் இழந்து கையகப்பட்டவனைக் கொல்லென்னும் ஆணை வெளிப்படையாகச் சட்டத்துக்கு மாறானது அன்றோ என்ற வினாவை அது உடன்கொணர்ந்தது.

அக்கட்டளை உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதை நிறுவுவதற்குக் கிச்சினரின் இராணுவச் செயலாளர் கேணல் ஹமில்ற்றன் சாட்சியாக விசாரிக்கப்பட்டார். அதன்பொருட்டு நீதிமன்றம் பிரிற்றோரியாவுக்குச் சென்றது. ஹன்றோடு அத்தகைய உரையாடல் எதுவும் நிகழவில்லை என்று அவர் மறுத்தார். மறுத்துரைக்கக்கூடிய ஹன்ற் இறந்துபோயிருந்தார். தோமஸ் அதன்பின் ஒன்றை வற்புறுத்தினார்: கட்டளை மேலிடத்திலிருந்து வந்ததோ இல்லையோ, ஹன்ற் அதனைச் சொன்னார், கீழுள்ளோர் அதனை நம்பினர், ஆதலின் அவர் நெஞ்சிற் கொலைக்கருத்து இருந்ததில்லை.

விசாரணைக்கு இடையே போயர் பீற்றர்ஸ்பேர்க்கைத் தாக்கினர். கைதிகளாக இருந்த அதிகாரிகளின் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. அவர்கள் நகரைக் காத்தனர். தாக்குதல் ஓய்ந்ததும் மீண்டும் கைதிகளாயினர். குற்றஞ் சாட்டப்பட்ட வீரனைப் போரில் ஈடுபடுத்தினால் அவன் குற்றம் பொறுக்கப்பட்டதாகக் கொள்ளுதல் பழைய இராணுவ வழக்கு. அது இங்கே கருதப்பட்டிருத்தல் வேண்டும் என்று பிற்காலச் சட்டவாணர் சிலர் எழுதியுள்ளனர்.

தீர்ப்பும் தண்டனையும்

ஹீசே கொலைவழக்கில் மோரன்றும் ஹான்ட்கொக்கும் விடுவிக்கப்பட்டனர். ஏனைய வழக்குகளில் மோரன்ற், ஹான்ட்கொக், விற்றன் ஆகிய மூவர்க்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. விதித்த அதிகாரிகளே கருணை காட்டுமாறும் பரிந்துரைத்தனர். ஹன்றின் மரணத்தால் விளைந்த சினம், அவர்கள் ஆற்றிய நற்சேவை, படைத்துறை அனுபவக் குறைவு முதலியன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். பிக்ரன் பதவி நீக்கப்பட்டார், லெனஹன் கண்டிக்கப்பட்டார், டெயிலர் விடுதலையானார்.

விற்றனின் தண்டனையை ஆயுட்சிறையாக மாற்றிய கிச்சினர், ஏனைய இருவர் தண்டனையையும் உறுதிப்படுத்தினார். பெப்ரவரி 26 இல் அது கைதிகளுக்கு அறிவிக்கப்பட்டது. தோமஸ் தளபதியைக் காண ஓடினார். தளபதி வெளியே சென்றிருப்பதாக விடை கிடைத்தது. அரசருக்கு விண்ணப்பஞ் செய்யக் கால அவகாசம் வேண்டினார், அதுவும் வாய்க்கவில்லை. 27 ஆந் திகதி காலை பிரிற்றோரியாச் சிறையில் இருவரும் சுடப்பட்டனர். இத்தண்டனையை முன்கூட்டி அறியாத அவுஸ்திரேலிய அரசாங்கம், வாரங்கள் சென்ற பின்னரே விவரங்களை வினாவியது. விசாரணையின் மூலப் பதிவேடு பின்னர்க் கிடைக்கவேயில்லை. செய்தித்தாள் அறிக்கைகளும், 1904 இல் விடுதலையான விற்றன் 1907 இல் வெளியிட்ட நூலும் பிறவுமே இவ்வரலாற்றுக்கு ஆதாரமாக எஞ்சின.

இருவேறு வினாக்கள்

இவ்வழக்கைப் பற்றி எழுதினோர் பலர் இரு வினாக்களை ஒன்றாக மயங்கக் கொண்டனர். சுட்டவர் குற்றவாளிகளா என்பது ஒன்று. அவர் நீதியாக விசாரிக்கப்பட்டனரா என்பது மற்றொன்று.

முதல் வினாவுக்கு விடை கடினமன்று. பன்னிரண்டு கைதிகள் இறந்தனர் என்பது மறுக்கப்படவில்லை. 1945 இன் நியூரன்பேர்க் நீதிமன்றச் சாசனம், மேலோன் கட்டளை குற்றத்தினின்றும் ஒருவனை விடுவிக்காது, தண்டனையைக் குறைப்பதற்கு மட்டுமே கருதப்படலாம் என விதித்தது. இந்நெறியை நோக்கினால், தோமஸின் வாதம் தண்டனையைக் குறைப்பதற்கு வலிமையுடையதேயன்றிக் குற்றத்தை நீக்கவல்லதன்று. மோரன்றைத் தியாகியாகப் பாடும் மரபு, விசரின் பெயரையும் அந்தப் பதினொருவரின் மனைவி மக்களையும் மறந்துவிட்ட மரபாகும்.

இரண்டாம் வினாவுக்கு விடை வேறு. எதிர்வாதம் ஆயத்தஞ் செய்ய ஒரு நாள், மாதக்கணக்கான தனிச்சிறை, எவருடைய கட்டளை ஆராயப்பட்டதோ அவரே தண்டனையை உறுதிப்படுத்துபவர், மேன்முறையீடு இல்லை, கருணைப் பரிந்துரை மேலிடத்தை அடைந்தும் அறிவிப்புக்கும் தண்டனைக்கும் இடையே ஓரிரவே அவகாசம். இவற்றை நீதியெனக் கூறுதல் அரிது. கள்வனெனக் கொண்டு, ஆராயாது கொல்லப்பட்ட கோவலனுக்குத் தமிழுலகம் இன்றும் இரங்குகின்றது. கோவலன் குற்றமற்றவன், ஆதலின் இரங்குதல் எளிது. குற்றமுடையானுக்கும் நிறைவான விசாரணை உரியதென்று கொள்ளுதலே அரிய அறம். அவன் குற்றம் துணியப்படுவதே அவ்விசாரணையால் ஆதலின், விசாரணை குறைவுபடின் துணிபும் குறைவுபடும். மோரன்ற் வழக்கு நூறாண்டு கடந்தும் ஓயாமைக்குக் காரணம் இதுவே. தோமஸ் கேட்ட கால அவகாசத்தை அளித்திருந்தால், முடிவு அதுவேயாயினும் அதனை ஐயுறுவார் சிலரே இருந்திருப்பர்.

தோமஸின் பெருமையும் இங்கேதான் உள்ளது. படையதிகாரி என்ற நிலை அவருக்கு அம்மன்றில் எழுந்து பேச இடமளித்தது. சட்டத்தரணி என்ற கல்வி, தளபதியின் செயலாளரையே சாட்சிக்கு இழுக்கும் துணிவை அளித்தது. முழுநேரப் படையாளர் ஒருவர் தம் பதவி உயர்வை எண்ணித் தயங்கியிருத்தல் கூடும். படையின் நடைமுறை அறியாத நகர நியாயவாதி ஒருவர் அம்மன்றின் மொழியை விளங்கியிரார். இரண்டிலும் ஒரு காலூன்றி நின்றமையே பகுதிநேரப் படைவீரரின் தனிவலிமை. அவ்வலிமையும் அமைப்பின் குறையை ஈடுசெய்யப் போதாதாயிற்று.

பின்விளைவுகள்

1903 இன் அவுஸ்திரேலியப் பாதுகாப்புச் சட்டம், கலகம், பகைவர்பாற் செல்லுதல், காட்டிக்கொடுத்தல் என்பன போன்ற சில குற்றங்களுக்கே இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதிக்கலாம் எனவும், தேசாதிபதி அதனை உறுதிப்படுத்தல் வேண்டும் எனவும் விதித்தது. இவ்வழக்கு ஒன்றே அதற்குக் காரணம் எனத் துணிதல் மிகையாம்; ஆயினும் அதன் நினைவு அப்போது பசுமையாக இருந்தது. முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலிய வீரர் நூற்றுக்கு மேற்பட்டோர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டும், ஒருவருக்கேனும் அது நிறைவேற்றப்படவில்லை. அதே போரிற் படையைவிட்டு ஓடுதல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட பிரித்தானியப் படையினர் 306 பேருக்கு 2006 ஆம் ஆண்டிலேயே மன்னிப்பு வழங்கப்பட்டது. இராணுவ வழக்குகளை மேன்முறையீட்டில் ஆராயும் நீதிமன்றம் அவுஸ்திரேலியாவில் 1955 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. இன்று அந்நாட்டுப் படைகளில் இராணுவ வழக்குகளை நடத்தும் சட்ட அதிகாரிகளுட் பலர் சேமப்படையினர். வெளியிலே சட்டத்தொழில் நடத்திக்கொண்டு, படையிற் பகுதிநேரமாகப் பணிபுரிவோர். 1902 இற் சந்தர்ப்பம் தோமஸிடம் ஒப்படைத்த பணி, இன்று பயிற்சியும் நியமனமும் உடைய ஒரு பதவியாகிவிட்டது.

தோமஸ் டென்டர்பீல்ட் திரும்பினார். அவ்வழக்கின் நினைவு அவரை விட்டகலவில்லை. பிற்காலத்திற் கடனும் வழக்குகளும் சூழத் தொழிலையும் செல்வத்தையும் இழந்து, 1942 இல் இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடர்ந்தவரும் ஒரு சேமப்படைச் சட்ட அதிகாரியே என்பது வியப்புக்குரியது. அவுஸ்திரேலியக் கடற்படையின் சேமப்படையைச் சேர்ந்த ஜேம்ஸ் அங்கிள்ஸ், விசாரணையின் குறைகளை எடுத்துக்காட்டி 2009 இல் எலிசபெத் அரசியாருக்கும் அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்துக்கும் விண்ணப்பித்தார். பிரித்தானிய அரசாங்கம் 2010 இல் அவ்விண்ணப்பத்தை ஏற்க மறுத்தது.

பணிதலும் வினாவுதலும் முரண்பட்ட பண்புகள் எனத் தொடக்கத்திற் கூறப்பட்டது. இவ்வரலாறு காட்டுவது யாதெனின், அவை முரண்பட்டும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன என்பதே. வினாவுதலை அறியாத படை கைதியைக் கொல்லுகின்றது. அக்கொலைக்குத் தண்டனை விதிக்கும்போதும் நீதியைத் தவறவிடுகின்றது. முறைப்பாட்டிற் கையொப்பமிட்ட பதினைந்து வீரரும், ஒருநாள் ஆயத்தத்தோடு எழுந்து நின்ற சட்டத்தரணியும் எதிரெதிர்ப் பக்கத்தினர் போலத் தோன்றுவர். உண்மையில் அவர்கள் ஒரே பக்கத்தினர். படைக்கும் சட்டம் உண்டு என்று சொன்னோர் அவர்களே.